கரோலின் கீன் என்று ஒருவர் இல்லவே இல்லை

நண்பர்களே, ஒரு சின்ன கேள்வியோடு ஆரம்பிக்கலாம். போன செமஸ்டர் நாலு பேர் சேர்ந்து ஒரு மினி ப்ராஜெக்ட் பண்ணீங்க இல்லையா? ரிப்போர்ட்டின் முதல் பக்கத்துல நாலு பெயர் இருக்கும். ஆனா கோட் எழுதினது யாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து எர்ரரைக் கண்டுபிடிச்சது யாரு, வைவா அன்னிக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோட வந்து நின்னது யாரு என்பதெல்லாம் அந்த நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். முதல் பக்கம் அதைச் சொல்லாது.

இதையே கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்ற ஒரு புத்தக வரிசை. அட்டையில் ஒரே ஒரு பெயர். அந்தப் பெயரில் ஒரு மனுஷியே கிடையாது! உண்மையில் எழுதியவர் யார் என்பது ஐம்பது வருஷம் கழித்து ஒரு கோர்ட் கேஸில்தான் பகிரங்கமாக வெளியே வருகிறது. அந்த வரிசைதான் நான்சி ட்ரூ. அதன் முதல் புத்தகம் 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் க்ளாக்'. பழைய புத்தகக் கடையில் மஞ்சள் முதுகோடு அடுக்கி வைத்திருப்பார்களே, உங்களில் சிலர் ஸ்கூல் லைப்ரரியில் படித்திருப்பீர்கள்.

கதை இதுதான். ஜோசையா க்ரௌலி என்று ஒரு பெரியவர் இறந்துபோகிறார். அவர் சொத்து முழுக்க டாப்பம் என்கிற பணக்காரத் திமிர் பிடித்த குடும்பத்துக்குப் போகப் போகிறது. ஆனால், பெரியவர் ரெண்டாவதாக ஓர் உயில் எழுதியிருக்கிறார், அதில் கஷ்டப்படும் சொந்தக்காரர்களுக்குப் பங்கு உண்டு என்று நான்சி சந்தேகப்படுகிறாள். அந்த உயில் எங்கே என்பதற்கான குறிப்பு ஒரு பழைய கடிகாரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நியாயமாக யாருக்குச் சேர வேண்டியது யாரிடம் போகிறது என்பதுதான் மொத்தக் கதையும். இந்த வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் அச்சான கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

கதைக்கு ஒரு தொழிற்சாலை

எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் என்பவர் 1862-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். பையன்களுக்கான சாகசக் கதைகளை முதலில் அவரே எழுதினார். நன்றாகவே விற்றது. ஆனால் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதி எத்தனை புத்தகம் போட முடியும்? நம்ம ப்ரொடக்‌ஷன் இன்ஜினியரிங் ஆட்கள் யோசிப்பது போலவே அவரும் யோசித்தார். வேலையைப் பிரித்துக் கொடுத்தால் என்ன?

அவர் ஏற்படுத்திய நிறுவனத்தின் பெயர் ஸ்ட்ராட்டமையர் சிண்டிகேட். அது வேலை செய்த விதம் இப்படி. கதைச் சுருக்கத்தை ஸ்ட்ராட்டமையர் சில பக்கங்களில் எழுதுவார். யார் யார் வருகிறார்கள், எங்கே திருப்பம், எங்கே ஆபத்து எல்லாம் அதில் இருக்கும். அது வெளியே இருக்கும் ஓர் எழுத்தாளருக்குப் போகும். அவர் சில வாரங்களில் முழு நாவலாக எழுதி அனுப்புவார். சிண்டிகேட் அதைத் திருத்திப் பதிப்பாளரிடம் கொடுக்கும். எழுதியவருக்கு ஒரு மொத்தத் தொகை, அதோடு கணக்கு முடிந்தது. ராயல்டி கிடையாது, உரிமை கிடையாது, அட்டையில் பெயரும் கிடையாது. இதற்கெல்லாம் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுத் தர வேண்டும்.

அட்டையில் வரும் புனைபெயர் சிண்டிகேட்டின் சொத்து. எழுத்தாளர் விலகிப் போனாலும் அந்தப் பெயர் போகாது. அடுத்த ஆளை உட்கார வைத்தால் போதும். டாம் ஸ்விஃப்ட், ஹார்டி பாய்ஸ் எல்லாம் இந்த முறையில் வந்தவைதான். ஹார்டி பாய்ஸ் அட்டையில் இருக்கும் ஃப்ராங்க்ளின் டபிள்யூ. டிக்ஸனும் கற்பனைப் பெயரே. ஆரம்பப் புத்தகங்களை எழுதியவர் லெஸ்லி மெக்ஃபார்லேன் என்கிற கனடாக்காரர்.

விலையிலும் ஒரு கணக்கு இருந்தது. மற்ற குழந்தைப் புத்தகங்களைவிட மலிவாக, ஒரு பிரதி 50 சென்ட். ஒரு புத்தகத்தில் லாபம் குறைவு, ஆனால் எண்ணிக்கையில் அள்ளிவிடலாம். அப்பா அம்மா வாங்கித் தர வேண்டியதில்லை, பிள்ளைகளே சேர்த்து வைத்த காசில் வாங்கலாம். பல நூலகர்களுக்கு இந்தப் புத்தகங்களைக் கண்டாலே ஆகாது. வாங்கவே மாட்டோம் என்றவர்கள் உண்டு. பிள்ளைகள் கேட்டால்தானே!

125 டாலர்

1927-ல் வந்த ஹார்டி பாய்ஸ் நன்றாக ஓடியது. பெண் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி ஒரு துப்பறியும் வரிசை போட்டால் என்ன என்று ஸ்ட்ராட்டமையருக்குத் தோன்றியது. க்ராஸட் அண்ட் டன்லப் என்கிற பதிப்பகத்துக்கு யோசனையை அனுப்பினார். நாயகிக்கு அவர் முதலில் வைக்க நினைத்த பெயர் ஸ்டெல்லா ஸ்ட்ராங். கூடவே அனுப்பிய மாற்றுப் பெயர்களில் ஒன்று நான் ட்ரூ. பதிப்பகத்துக்கு அது பிடித்துப்போக, நான் என்பது நான்சியாக நீண்டது.

எழுதும் வேலை மில்ட்ரெட் வர்ட் என்கிற இளம்பெண்ணுக்குப் போனது. 1905-ல் அயோவா மாநிலத்தில் லடோரா என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். அயோவா பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான், ஆண்டு 1927. ஸ்ட்ராட்டமையரின் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து, வேறொரு வரிசைக்கு ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். நான்சி ட்ரூவுக்கு அவருக்குக் கிடைத்தது புத்தகத்துக்கு 125 டாலர். அவ்வளவுதான். எத்தனை லட்சம் விற்றாலும் அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மில்ட்ரெட்டை யாரும் ஏமாற்றவில்லை. ஒப்பந்தத்தைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார். இளம் எழுத்தாளருக்கு 125 டாலர் அந்தக் காலத்தில் சின்னத் தொகையும் இல்லை. பின்னாளில்கூட அவர் காசுக்காக யார் மேலும் கேஸ் போடவில்லை.

1930 ஏப்ரல் 28 அன்று மூன்று புத்தகங்கள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் க்ளாக்', 'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்', 'தி பங்களா மிஸ்டரி'. ஒன்று பிடித்தால் உடனே அடுத்ததை வாங்க வேண்டும் என்பதுதான் திட்டம். இன்று ஓ.டி.டி.யில் மொத்த சீசனையும் ஒரே நாளில் இறக்கிவிடுகிறார்களே, அதே புத்திதான். எழுதியவர் கரோலின் கீன் என்று அட்டை சொன்னது.

அந்த வரிசை எவ்வளவு பெரிசாகப் போகிறது என்று ஸ்ட்ராட்டமையர் பார்க்கவில்லை. புத்தகங்கள் வந்து 12 நாளில், மே 10 அன்று, இறந்துபோனார்.

மகள் பொறுப்பேற்கிறார்

சிண்டிகேட்டை வாங்க ஆள் கிடைக்கவில்லை. ஸ்ட்ராட்டமையரின் இரண்டு மகள்களும் அதை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். அதில் நீண்ட காலம் நிலைத்தவர் மூத்தவர், ஹாரியட் ஸ்ட்ராட்டமையர் ஆடம்ஸ். பெண்கள் ஒரு கம்பெனியை நடத்துவது அபூர்வமாக இருந்த காலம், அதுவும் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில். அதை மூழ்காமல் கரை சேர்த்தவர் ஹாரியட் என்பதில் சந்தேகமில்லை.

மந்தத்தில் எழுத்தாளர்களின் கூலி 75 டாலராகக் குறைந்தது. மில்ட்ரெட் முடியாது என்று சொல்லிவிட்டார். வேலை நின்றதா? இல்லை. வால்டர் காரிக் என்கிற ஆண் எழுத்தாளர் 8, 9, 10-ஆம் புத்தகங்களை எழுதிக் கொடுத்தார். கரோலின் கீன் கொஞ்ச நாள் ஓர் ஆணாகவும் இருந்தார், வாசகர்களுக்குத் தெரியவே தெரியாது! பிறகு மில்ட்ரெட் திரும்ப வந்தார். முதல் 30 நான்சி ட்ரூ புத்தகங்களில் 23 அவர் எழுதியவை. ஐம்பதுகளில் ஹாரியட்டே எழுத ஆரம்பித்தார். மில்ட்ரெட் முழுநேரப் பத்திரிகையாளராகி டொலீடோ நகரத்தில் செட்டில் ஆகிவிட்டார்.

அதே பெயர், வேறு புத்தகம்

இனிமேல்தான் நம்ம ஆட்களுக்குப் பிடித்த பகுதி வருகிறது. ஒரு சாஃப்ட்வேரை மாற்றி எழுதினால் என்ன செய்வோம்? வர்ஷன் நம்பரை ஏற்றுவோம். என்ன மாறியது என்று ஒரு பட்டியல் போடுவோம். நான்சி ட்ரூவுக்கு நடந்தது வேறு.

1959-ல் 'ஓல்ட் க்ளாக்' திரும்ப எழுதப்பட்டது. எழுதியவர் ஹாரியட். தலைப்பு அதே, கரோலின் கீன் அதே, வரிசையில் நம்பர் 1 என்பதும் அதே. உள்ளே இருக்கும் புத்தகம் மட்டும் வேறு. 25 அத்தியாயங்கள் 20 ஆகச் சுருங்கின. 16 வயது நான்சிக்கு 18 வயது ஆனது. 1930-ல் அப்பாவும் பெண்ணும் உயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கதை தொடங்கும். 1959-ல் ஒரு சின்னக் குழந்தையை நான்சி காப்பாற்றும் பரபரப்பான காட்சியோடு தொடங்குகிறது. சில பாத்திரங்களின் குடும்பப் பெயர்கூட மாறியது. இப்படி 1977 வரை வரிசையின் முதல் 34 புத்தகங்களும் மாற்றி எழுதப்பட்டன.

ஏன் மாற்றினார்கள்? பக்கம் குறைந்தால் அச்சுச் செலவு குறையும் என்பது ஒரு காரணம். காரும் உடையும் பேச்சும் பழசாகிவிட்டன என்பது இன்னொன்று. இவற்றைவிட முக்கியமான காரணம், பழைய புத்தகங்களில் இருந்த இனவெறி. 1930 பதிப்பில் டாப்பம் குடும்பத்து ஏரிக்கரை பங்களாவைக் காவல் காப்பவர் ஜெஃப் டக்கர் என்கிற கறுப்பினத்தவர். அவரைக் குடிகாரராக, கேலிக்குரிய பேச்சு பேசுபவராகக் காட்டியிருந்தார்கள். இன்று படித்தால் கூசும். அதைப் படித்த கறுப்பினக் குழந்தைகளுக்கு அன்றைக்கே கூசியிருக்கும்.

ஆக, மாற்ற வேண்டியதுதான், சரி. ஆனால் எப்படி மாற்றினார்கள் என்று பாருங்கள். அந்த மனிதருக்கு மரியாதையான ஓர் இடம் கொடுக்கவில்லை. 1959 பதிப்பில் ஜெஃப் டக்கர் இருக்கிறார், அவர் கறுப்பினத்தவர் இல்லை. மற்ற புத்தகங்களிலும் பல இடங்களில் இதே வழிதான். அவமானத்தை நீக்குகிறோம் என்று ஆளையே நீக்கிவிட்டார்கள். பிழை காட்டும் வரியைச் சரிசெய்யாமல் கமென்ட் பண்ணிவிட்டு, 'எர்ரர் போயிடுச்சு சார்' என்று சொல்வது மாதிரி.

நான்சியும் மாறிப்போனாள். மில்ட்ரெட்டின் நான்சி பெரியவர்களிடம் பட்டென்று பேசுவாள், தோன்றியதைச் செய்வாள். 1959-ன் நான்சி இன்னும் பணிவானவள், பண்பானவள். எந்த நான்சி பிடிக்கும் என்பது அவரவர் விருப்பம். எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் கையில் இருப்பது எந்த நான்சி என்று அட்டை சொல்வதில்லை. உங்க பாட்டி காலத்து அமெரிக்கப் பெண் ஒருத்தியும் அவள் பேத்தியும் 'ஓல்ட் க்ளாக் படிச்சிருக்கேன்' என்று பேசிக்கொண்டால், ரெண்டு பேரும் ரெண்டு வேறு புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

சாட்சிக் கூண்டில் கரோலின் கீன்

இத்தனை வருஷமும் யார் கேட்டாலும் நான்சி ட்ரூவை எழுதியது நான்தான் என்று ஹாரியட் சொல்லிவந்தார். முதல் புத்தகம் உட்பட. மில்ட்ரெட் போட்டுக் கொடுத்த கையெழுத்து காரணமாக வெளியே அதிகம் பேசவில்லை.

1979-ல் சிண்டிகேட் புதிய நான்சி ட்ரூ புத்தகங்களை சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்துக்குக் கொண்டுபோனது. ஐம்பது வருஷமாகப் போட்டுவந்த க்ராஸட் அண்ட் டன்லப் சும்மா இருக்குமா? கோர்ட்டுக்குப் போனது. 1980-ல் நியூயார்க்கில் விசாரணை. நான்சி ட்ரூ யாருடைய படைப்பு என்பது வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்றாகிவிட்டது. ஹாரியட் சொல்வது முழு உண்மை இல்லை என்று காட்ட, க்ராஸட் தரப்பு ஒரு சாட்சியைக் கூப்பிட்டது. வந்து நின்றவர் 75 வயதை நெருங்கிய மில்ட்ரெட். கூடவே பழைய ஒப்பந்தங்கள், கடிதங்கள். புத்தகத்தில் கடிகாரத்துக்குள் இருந்த குறிப்பு மாதிரி, இங்கே ஃபைலுக்குள் இருந்தது உண்மை.

தீர்ப்பு பதிப்பாளர்களுக்கு இடையில்தான் பங்கு பிரித்தது. ஏற்கெனவே கெட்டி அட்டையில் வந்த 56 புத்தகங்கள் க்ராஸட்டுக்கு, இனிமேல் வருபவை சிண்டிகேட் விரும்பும் இடத்துக்கு. மில்ட்ரெட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை. 1982-ல் ஹாரியட் இறந்தபோதுகூடப் பத்திரிகைகள் அவரையே நான்சி ட்ரூவின் ஆசிரியர் என்று எழுதின. 1984-ல் சைமன் அண்ட் ஷூஸ்டர் சிண்டிகேட்டையே வாங்கிவிட்டது.

ஆனால் கோர்ட்டில் பதிவான விஷயம் மெல்ல மெல்லப் பரவியது. 1991-ல் ஆப்பிள்வுட் என்கிற பதிப்பகம் 1930-ன் மூலப் பதிப்பை அப்படியே மறுஅச்சு செய்ய ஆரம்பித்தது. 1993-ல் அயோவா பல்கலைக்கழகம் நான்சி ட்ரூவுக்காக ஒரு மாநாடு நடத்தியது. தான் படித்த கேம்பஸில் மில்ட்ரெட் எல்லோர் முன்னாலும் கௌரவிக்கப்பட்டார். அவர் கதை எழுதிய டைப்ரைட்டர் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2002 மே 28 அன்று, 96 வயதில், பத்திரிகை அலுவலகத்தில் வேலையில் இருந்தபோது உடம்பு முடியாமல் போய் அன்றே இறந்தார். மொத்தம் 130-க்கு மேல் புத்தகம் எழுதியவர். தன் சொந்தப் பெயரில் வந்த பென்னி பார்க்கர் வரிசைதான் தனக்குப் பிடித்தது என்று சொல்லிவந்தார்.

சரி, எழுதியது யார்?

இந்தக் கேள்விக்கு ஒரே பெயரில் பதில் சொல்ல முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். நாயகியை யோசித்து, கதைச் சுருக்கம் போட்டவர் ஸ்ட்ராட்டமையர். அந்தச் சுருக்கத்துக்குக் குரலும் துணிச்சலும் கொடுத்தவர் மில்ட்ரெட். பல பத்தாண்டுகள் வரிசையை உயிரோடு வைத்து, நல்லதோ கெட்டதோ திரும்ப எழுதியவர் ஹாரியட். மூன்று பேர் பெயரும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லாத ஒருவர் பெயர் இருக்கிறது. சேர்ந்து எழுதியதில் எந்தத் தப்பும் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்பதை மறைத்ததால்தான், கடைசியில் ஒருவர் முழுசும் என்னுடையது என்று சொல்ல முடிந்தது. மறைக்காமல் இருந்திருந்தால் அந்த வழக்கில் பாதிக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. அமெரிக்கச் சட்டப்படி 1930-ல் வந்த புத்தகங்களின் காப்புரிமை 95 வருஷத்தோடு முடிந்து, 2026 ஜனவரி 1 முதல் அவை பொதுச் சொத்தாகிவிட்டன. 1930-ன் 'ஓல்ட் க்ளாக்' அதில் உண்டு. 1959 பதிப்புக்கு இன்னும் காப்புரிமை இருக்கிறது. நான்சி ட்ரூ என்கிற பெயரின் ட்ரேட்மார்க் தனி விஷயம். ஒவ்வொரு நாட்டுச் சட்டத்துக்கும் கணக்கு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். ஆக, மேலே சொன்ன ரெண்டு பதிப்பில் மில்ட்ரெட்டின் நான்சிதான் முதலில் விடுதலையாகியிருக்கிறாள், கூசவைக்கும் பக்கங்களோடு சேர்த்து. லைப்ரரியில் 'ஓல்ட் க்ளாக்' கிடைத்தால் எடுத்து, முதலில் அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். 20 இருந்தால் அது ஹாரியட். 25 இருந்தால் அது மில்ட்ரெட்.

அப்புறம், அடுத்த ரிவ்யூவுக்கு ரிப்போர்ட் போடும்போது, நன்றியுரைப் பக்கத்தை சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து அப்படியே காப்பி பண்ணாதீங்க. சர்க்யூட் போட்டது யாரு, கோட் எழுதினது யாரு, படம் வரைஞ்சது யாருன்னு ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க. நாலு வரிதான் ஆகும்.